கொழும்பா, பினாங்கா?

எங்கள் ராமநாதபுரம் சீமையில் கண்மாய் நிறைந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கப்பல் ஏறிய குடும்பங்களை எண்ணுவதற்குத்தான் விரல் போதாது. வானம் பார்த்த பூமி, பக்கத்திலேயே கடல். மழை ஏமாற்றினால் மனிதர் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஆண்பிள்ளை தனியாகப் போவதானால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் போதும். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு குடும்பமாகப் போவதென்றால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. அந்தக் கேள்வி எது என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி இருந்தது. ஒன்று என் அப்பத்தாவின் கட்சி. இன்னொன்று அவள் கூடப் பிறந்த தங்கையின் கட்சி. அவளை நாங்கள் சின்ன அப்பத்தா என்போம்.

அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். ராமநாதபுரம் அரண்மனைக்குப் பின்புறம் ஒரு சந்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. 1935-இல் அந்த வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. கொழும்பு செட்டியார் தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர், கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும், மாதம் 30 ரூபாய் தருகிறேன் என்று எழுதியிருந்தார். பினாங்கில் மளிகை வியாபாரம் செய்த மற்றொருவர் 25 வெள்ளி தருவதாக எழுதியிருந்தார். எண்ணிக்கையைப் பார்த்துப் பினாங்கு குறைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு மலாயா வெள்ளி ஒன்றுக்கு நம் ரூபாய் ஒன்றரைக்கு மேல். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 39 ரூபாய் வரும். மாதம் 9 ரூபாய் வித்தியாசம் என்பது அந்தக் காலத்தில் சாமானியமா?

மூத்தவர் என்ற முறையில் தாத்தாதான் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் மனம் பினாங்கின் மீதுதான் ஓடியது. அப்பத்தா மூன்று வயதுப் பையனையும் ஒரு வயதுப் பெண்ணையும் வைத்திருந்தாள். அந்தப் பையன்தான் என் தகப்பனார். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏங்க, ராத்திரி புள்ளைக்கு வலிப்பு வந்திருச்சின்னா, எங்க ஆத்தா எத்தனை நாள்ல வந்து சேரும்?"

தாத்தாவிடம் இதற்குப் பதில் இல்லை. கொழும்பென்றால் பதில் சுலபம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து போட்மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போய்க்கொண்டிருந்தது. ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டீமர். 22 மைல் கடல், சுமார் இரண்டு மணி நேரம். தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறினால் மறுநாள் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். கட்டிக்கொண்டு போன புளிச்சோறு ஊசிப்போவதற்குள் ஊர் வந்துவிடும் என்பாள் அப்பத்தா. பினாங்குக்கோ நாகப்பட்டினம் போய், படகில் ஏறி, அலைக்கு அப்பால் நிற்கும் கப்பலைப் பிடிக்க வேண்டும். 'ரஜுலா' மாதிரிக் கப்பல்களில் டெக் டிக்கெட் வாங்கினால், பாயை விரித்துப்போட்டு ஆயிரக்கணக்கான பேரோடு ஒரு வாரம் கிடக்க வேண்டும். போய் இறங்குமிடத்தில் தொற்று நோய் என்று சந்தேகம் வந்துவிட்டால் ஜெரெஜாக் தீவில் வேறு அடைத்து வைப்பார்கள். கைக்குழந்தைக்காரி பயப்படாமல் என்ன செய்வாள்?

சின்ன அப்பத்தா பயப்படவில்லை. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். அவள் சொன்ன நியாயம் இது: "பக்கத்துல இருந்தா, காதுகுத்துன்னாலும் வரணும், கருமாதின்னாலும் வரணும். வந்து போறதுலயே குடும்பம் கரைஞ்சு போகும். தூரத்துக்குப் போனா போன எடத்துல நிக்கலாம்." இருபது வயதுப் பெண் இப்படிப் பேசியதைப் பெரியவர்கள் ரசிக்கவில்லை. வாய்த் துடுக்கு என்றார்கள். எனக்கென்னவோ அந்த வீட்டில் அன்றைக்கு ரொம்ப தூரம் யோசித்தது அவள் ஒருத்திதான் என்று தோன்றுகிறது. ஆனால் அவளும் எல்லாவற்றையும் யோசித்துவிடவில்லை.

ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி. இரண்டிலும் சுக்கு, வசம்பு, உரைமருந்து, ஊர் முண்டு மிளகாய், புளி எல்லாம் சரி பாதி. ஒருத்தி கிழக்கே தனுஷ்கோடிக்கு, இன்னொருத்தி வடக்கே நாகப்பட்டினத்துக்கு.

கொழும்பு வாழ்வை அப்பத்தா ஒருநாளும் குறை சொன்னதில்லை. செட்டியார் தெருப் பக்கம் தமிழைத் தவிர வேறு பேச்சு அவசியப்படவில்லையாம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நடந்து போகிற தூரம். ஆடி மாதம் வேல் விழா. படிக்கத் தெரிந்தவர்களுக்கு 1930 முதல் வெளிவந்துகொண்டிருந்த 'வீரகேசரி'. பக்கத்து ஜாகையில் ஒரு சிங்களத்து அம்மாள். தேங்காய்ச் சம்பல் அரைக்க அவள்தான் கற்றுக் கொடுத்தாள். அந்தச் சம்பல் எங்கள் வீட்டில் இன்றும் இடிபடுகிறது.

அவள் எண்ணியபடியே போக்குவரத்தும் நடந்தது. மூன்றாம் பிரசவத்துக்கு ஊருக்கு வந்து ஐந்து மாதம் இருந்தாள். நாலாவதற்கும் அப்படியே. நாத்தனார் கல்யாணம், பங்குனித் திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்டீமர்தான். "கூப்பிடு தூரம்தானே" என்பது அந்த நாளில் அவள் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கு நகரத்தின் மீது குண்டு போட்டன. கடைத்தெருவில் நூற்றுக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகத் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சின்ன அப்பத்தாவிடமிருந்து ஒரு வரி கிடையாது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும் குண்டு விழுந்தது. அப்பத்தா நாலு குழந்தைகளையும் வாரிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். பீதி தணிந்ததும் திரும்பியிருப்பாள். ஆனால் வந்த சமயம் அவள் தாயாருக்குப் பக்கவாதம் கண்டு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் இவள் ஒருத்திதானே? இரண்டரை வருஷம் கிழவிக்குப் பீ மூத்திரம் எடுத்து, 1944 ஐப்பசியில் அடக்கம் செய்துவிட்டுத்தான் மறுபடி தனுஷ்கோடி ரயில் ஏறினாள்.

பினாங்கிலிருந்து முதல் கடிதம் 1946-இல்தான் வந்தது. உயிரோடு இருக்கிறோம், மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்தோம், சேர்த்து வைத்ததெல்லாம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு, அது இப்போது அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று எழுதிவிட்டு, கடைசியில் "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா" என்று கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்த தாத்தா மூன்று நாள் எழுதவில்லையாம்.

அந்த வருஷம் யாரைக் கேட்டிருந்தாலும், கொழும்பைத் தேர்ந்தவள்தான் புத்திசாலி என்று சொல்லியிருப்பார்கள். அப்பத்தாவுக்கே அந்த நினைப்பு கொஞ்சம் இருந்தது.

1935-இல் ராமநாதபுரம், கொழும்பு, பினாங்கு மூன்றும் ஒரே பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தன. குடியுரிமை என்ற வார்த்தையை எங்கள் சந்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கொடி இறங்கிய பிறகுதான் ஒவ்வொரு தேசமும் 'நீ யார், எத்தனை நாளாக இருக்கிறாய்?' என்று கேட்க ஆரம்பித்தது. இலங்கை 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்து போனவர்கள் மனுச் செய்வதற்கென்று 1949-இல் இன்னொன்று. மனுப் போடக் கடைசித் தேதி 1951 ஆகஸ்டு 5.

இந்தச் சட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். சகோதரிகளே, பொறுத்துக்கொள்ளுங்கள், இது நம்மைப் பற்றிய சட்டம். கல்யாணமானவர் என்றால் ஏழு வருஷம், ஆகாதவர் என்றால் பத்து வருஷம் இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். அது மட்டுமில்லை. மனு கொடுக்கிற ஆணின் மனைவியும், அவரை நம்பியிருக்கும் சிறு பிள்ளைகளும் அதே மாதிரி அங்கேயே இருந்திருக்க வேண்டும். வெளியே போய் வரலாம். ஆனால் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் போனால் தொடர்ச்சி அறுந்தது என்று அர்த்தம். புருஷன் தீவை விட்டு ஒரு நாள்கூட நகராதிருந்தாலும், பெண்டாட்டி பிறந்த வீட்டில் எத்தனை மாதம் இருந்தாள் என்பதைக் கொண்டு அவன் அந்த நாட்டுக்காரனா இல்லையா என்று தீர்மானமாகும். பிரசவத்துக்கும் நோய்க்கும் சாவுக்கும் ஊருக்கு ஓடி வருவது யார்? நாம்தானே.

கொழும்பில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் தாத்தாவின் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு மாதக் கணக்கு எண்ணினார். ஐந்து மாதப் பிரசவங்கள் இரண்டும் பாதகமில்லை. 1942 சித்திரையிலிருந்து 1944 ஐப்பசி வரை? அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம். தாத்தா காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மனுவே போடவில்லை. போட்டவர்கள் கதையும் பெரும்பாலும் அப்படித்தான். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காகச் சுமார் 2,37,000 மனுக்கள் போயின. கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

அப்பத்தாவுக்கு இதை விளக்கிச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "ஆத்தாளுக்குப் பாத்தது குத்தமா?" என்று கேட்டாள். குற்றமென்று யாரும் சொல்லவில்லை. மாதம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகு தற்காலிக அனுமதி வாழ்க்கை. ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுவில் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற சட்டம் வந்தது. 1958-இல் கலவரம். 1962-இல் அனுமதி முடிந்து, எல்லோரும் கிளம்பினோம். எல்லோரும் என்றால் நானும்தான். கொழும்பில் பிறந்த எனக்கு அப்போது ஆறு வயது. ஸ்டீமரில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு அப்பத்தா மடியில் படுத்திருந்ததும், தனுஷ்கோடித் துறையில் இறங்கியதும் 'இதுதான் நம்ம ஊர்' என்று யாரோ சொன்னபோது மணலைத் தவிர ஒன்றும் தென்படாமல் நான் அழுததும் நினைவிருக்கிறது. அந்தத் துறையும் ஸ்டேஷனும் 1964 டிசம்பர் 22 இரவு புயலில் போயின. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அதிலிருந்தவர்களும் அதே இரவில். அதே வருஷம் அக்டோபரில்தான் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போவதென்று முடிவானது. பிற்பாடு அவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு மண்டபம் முகாமுக்குப் போவதைப் பார்த்து, "நாம கொஞ்சம் முந்திக்கிட்டோம்" என்பாள் அப்பத்தா.

சரி, பினாங்கு? அங்கே பிறந்த சின்ன அப்பத்தாவின் மூன்று பிள்ளைகளும் பிரிட்டிஷ் பிரஜைகளாகப் பிறந்தவர்கள். 1948-இல் மலாயாக் கூட்டரசு ஏற்பட்ட பிறகு, பினாங்கில் பிறந்து அங்கேயே நிலைத்திருந்த அவர்கள் கேள்வியில்லாமல் அந்த நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். ராமநாதபுரத்தில் பிறந்த மூத்த பெண்ணுக்கும் பெற்றோருக்கும் 1957-இல் சுதந்திரம் வந்த பிறகு மனுப் போட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். ஊருக்கே வராததனால் அவள் கணக்கில் ஒரு மாதம்கூட அறுந்திருக்கவில்லை. அந்தப் பதிவு எத்தனை பெரிய காரியம் என்பது 1969-க்குப் பிறகுதான் தெரிந்தது. குடியுரிமை வாங்காமலே காலம் தள்ளியவர்களுக்கு வேலை செய்யத் தனி அனுமதி வேண்டுமென்று ஆகி, எத்தனையோ பேர் மூட்டை கட்டினார்கள்.

1966-இல் சின்ன அப்பத்தா ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தாள். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு! நாகப்பட்டினத்தில் இறங்கிய அவளை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, இரண்டு கிழவிகளும் ஈரச் சேலையோடு கரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பத்து வயதுப் பெண்ணான எனக்குப் பொரிகடலை பொட்டலம் ஒன்றைக் கொடுத்துப் பேசாதிருக்கச் சொன்னார்கள். நான் வாயைத்தான் மூடிக்கொண்டேன்.

"உன் புள்ளைகளுக்கு ஒரு ஊர் இருக்கு. என் புள்ளைக ரெண்டு ஊருக்கும் இல்லாமப் போச்சு" என்றாள் அப்பத்தா.

"ஏக்கா, நீ ஆத்தா வாயில பால் ஊத்தினே. நான் ஆத்தா செத்து ரெண்டு வருஷம் கழிச்சு முட்டிவலி தேவலையான்னு கேட்டு எழுதியிருக்கேன். எந்த ஊரு அதைத் திருப்பிக் குடுக்கும்?"

அப்பத்தா பதில் சொல்லவில்லை. சின்னவள் அழுது ஓய்ந்த பிறகு, என் பொட்டலத்திலிருந்தே ஒரு பிடி கடலை எடுத்து அவள் கையில் வைத்தாள். இருவரில் யார் தேர்ந்தது சரி என்ற பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

இத்தனை பழங்கதை எதற்கென்று கேட்பீர்கள். என் தங்கை மகள் இப்போது அதே இடத்தில் நிற்கிறாள். ஆறு வயதில் பையன், மூன்று வயதில் பெண். மாப்பிள்ளைக்குத் துபாயில் ஒரு வேலை, சிங்கப்பூரில் ஒரு வேலை. இரண்டும் கடற்கரைப் பட்டணம். சென்னையிலிருந்து இரண்டுக்கும் விமானத்தில் நாலு, நாலரை மணி நேரம்தான். வலிப்பு வந்தால் பாட்டி முகத்தைச் செல்போனிலேயே காட்டிவிடலாம். அப்பத்தாவின் கேள்விக்கு இரண்டு ஊரும் ஒரே பதிலைத்தான் சொல்லும். நல்ல காலம்தான். ஆனால் சின்ன அப்பத்தாவின் கேள்வி அப்படியே இருக்கிறதே!

அவள் வாடகை, பள்ளிச் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். அழகான கணக்கு. நான் அதில் இல்லாத இரண்டொன்றைக் கேட்டேன். பையனுக்குப் பதினெட்டு வயதாகும்போது அவன் எந்த நாட்டில் என்னவாக நிற்பான்? துபாயில் வேலை இருக்கும் வரை வீசா; பத்து வருஷத் தங்க வீசா என்று ஒன்று கொடுக்கிறார்கள், அதற்குத் தகுதி வேண்டும். ஆனால் எத்தனை காலம் இருந்தாலும் குடியுரிமை என்பது சாதாரணமாக எட்டாது. அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் ஏமாறுவதில்லை. எங்கள் கீழக்கரைக்காரர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் போய், சம்பாதித்து, ஊரில் வீடு கட்டித் திரும்புகிறார்கள். சிங்கப்பூரில் நிரந்தர வாசம் கேட்டு மனுப் போடலாம், கிடைப்பது நிச்சயமில்லை. கிடைத்தால், பெற்றோர் மூலம் அந்த உரிமை பெற்ற பையன் வயது வந்ததும் இரண்டு வருஷம் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும். தாயார் இதைப் பையனின் ஆறு வயதிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் படிக்கலாம் என்பது என்னைப் போன்ற கிழவிக்குப் பெரிய ஆசை காட்டுகிற விஷயம்.

இன்னொரு கேள்வி அவளைப் பற்றியது. அவள் பள்ளி ஆசிரியை. கட்டத்தில் தன் சம்பளம் என்று ஒரு வரி போட மறந்திருந்தாள்! துபாயில் புருஷன் பொறுப்பில் தங்கியிருந்தாலும், வேலை கொடுக்கிறவர் அனுமதி எடுத்துக் கொடுத்தால் வேலை பார்க்கலாம். சிங்கப்பூரில் 2021 முதல், புருஷனோடு சார்ந்து வந்தவள் வேலைக்குப் போகத் தனக்கென்றே தனி வேலை அனுமதி பெற வேண்டும். கணக்குப்பிள்ளைகளின் பெண்டாட்டிகளான என் பாட்டிமாருக்கு இந்தப் பிரச்னை இருக்கவில்லை. இவளுக்கு இருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டாள். பையனுக்காக என்றால் சிங்கப்பூர், உனக்காக என்றால் துபாய் என்று சொன்னேன். "பெரியம்மா, இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்று சிரித்தாள். மாப்பிள்ளை இரண்டு கம்பெனிக்கும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நேற்று ராத்திரி மறுபடி பேசினாள். கட்டத்தில் இப்போது மூன்று வரிகள் கூடியிருக்கின்றன. மூன்றாவது வரியை நான் சொல்லவில்லை, அவளே போட்டுக்கொண்டது. அம்மா படுத்துவிட்டால் யார் வந்து பார்ப்பது, எத்தனை மாதம், அதற்குள் வீசா என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறாள்.